மணி எத்தனை என்று முதலில் சொல்லுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் மின்சாரம் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டார். "முப்பத்து நான்கு வருஷம் சிங்கப்பூர் மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர் நீங்கள். நீங்களே கட்டி மேய்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மேய்த்துப் பார்க்கிறேன்.

*ஐயா, என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, புதுப்பிக்க இயலாத எரிசக்தி இரண்டையும் ஒப்பிட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எது நல்லது, எது கெட்டது என்று நாலு வரியில் சொன்னால் உதவியாக இருக்கும்.*
— ஈசூன் வாசகி

நாலு வரியில் முடியாதம்மா. முதல் பாதி சுலபம்தான். இறைக்க இறைக்க ஊறுகிற கிணறு ஒன்று. ஒரே ஒருமுறை நிரப்பிவிட்டுப் போன தொட்டி இன்னொன்று. வெயில், காற்று, ஓடுகிற ஆறு எல்லாம் கிணற்றுப் பக்கம். இன்றைய வெயிலை எவ்வளவு பிடித்தாலும் நாளைய வெயில் குறையாது. நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு மூன்றும் தொட்டி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த செடிகொடிகளும் கடலின் நுண்ணுயிர்களும் அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்து அப்படி ஆயின. மறுபடி நிரம்பும்வரை காத்திருக்க யாருக்கும் ஆயுசு கிடையாது. உங்கள் மகன் இதை அவன் சொற்களில் எழுதட்டும்.

நல்லது கெட்டது என்று கோடு கிழிக்கச் சொன்னால்தான் எனக்குக் கை வராது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த காலத்தில் "உன் எரிபொருள் நல்லதா?" என்று எங்களை யாரும் கேட்டதில்லை. "ஏழு மணிக்கு எவ்வளவு தருவாய்?" என்றுதான் தொலைபேசி வரும். மின்சாரம் அரிசி மாதிரி மூட்டையில் கிடக்காது. நீங்கள் விசிறியைத் தட்டுகிற அதே நொடியில் எங்கோ ஓர் இயந்திரம் அந்த அளவுக்குக் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும். அதனால் எந்த எரிசக்தியைப் பற்றிப் பேசினாலும் எனக்கு முதலில் மணி தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மணிக்குத்தான். நாம் இருக்கும் இடத்துக்கு நியாயமாக இருக்கவேண்டிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடுகிறது. 1982 பிறந்த இரவு மலேசியாவோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம். அன்று இரவு ஷிப்டில் இருந்த எனக்கு வாழ்க்கையிலேயே ஒரே தடவையாக அரை மணி வேலை மிச்சமானது. (அந்த அரை மணிச் சம்பளத்தைப் பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.) சூரியத்தகடு ஒரு மணிவாக்கில் உச்சத்தில் தரும். ஏழேகாலுக்குச் சுத்தமாகக் கையை விரித்துவிடும். ஏழேகாலுக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? சமையல், குளியல், தொலைக்காட்சி, பையனின் அறையில் குளிரூட்டி. எரிவாயு நிலையத்தைக் கூப்பிட்டால் அந்த நேரத்துக்கும் வரும். வந்ததற்குக் கூலியும் வாங்கும். அதைப் பற்றிப் பின்னால் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்.

*எங்கள் புளோக் கூரையில் போன வருஷம் சூரியத்தகடுகள் வைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மாதா மாதம் வரும் கட்டணத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லையே?*
— உட்லண்ட்ஸ் வாசகர்

குறையாது. அந்தத் தகடுகளிலிருந்து வரும் கம்பி உங்கள் வீட்டு மீட்டருக்கு வருவதில்லை. மின்தூக்கி, தாழ்வார விளக்கு, கூரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு என்று புளோக்கின் பொதுச் செலவுக்கு முதலில் போகும். மிஞ்சியது ஊரின் பொது மின்கட்டமைப்பில் கலந்துவிடும். பெரும்பாலான புளோக்குகளில் தகடு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) சொத்தும் அல்ல, நகர மன்றத்தின் சொத்தும் அல்ல. 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் தனியார் நிறுவனம் தன் பணத்தில் தகட்டைப் போட்டுப் பராமரிக்கும். நகர மன்றம் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மட்டும் காசு தரும். ஆக, மிச்சம் பிடிப்பது மன்றம். உங்கள் பராமரிப்புக் கட்டணம் ஏறுகிற வேகம் கொஞ்சம் மட்டுப்படலாம். பயனீட்டுக் கட்டணத்தில் தேடாதீர்கள்.

பெருமைப்பட்டதில் தவறில்லை. நம்மிடம் நிலம் கிடையாது, கூரைதான் உண்டு. கூரையும் போதாமல் தண்ணீர்மேல் ஏறினோம். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 ஜூலையில் திறந்த மிதக்கும் பண்ணையில் 122,000 தகடுகள். 45 ஹெக்டர், ஏறக்குறைய அத்தனை காற்பந்துத் திடல் அளவு. உச்ச வெயிலில் 60 மெகாவாட். என் பேரனோடு போய்ப் பார்த்தேன். கரையில் நின்றால் மறுமுனை கண்ணுக்கு மங்குகிறது. "தாத்தா, இது நம்ம ஊருக்கே போதுமா?" என்றான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு வருஷத்தில் தீவு செலவழிக்கும் மின்சாரத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுமேல். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஐந்துக்கு ஈடுகட்டும் அளவு. சின்ன வேலை இல்லை. ஆனால் பேரனிடம் "போதாதுடா" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

*சென்ற இதழில் "வெயில் கொளுத்தினால் தகடு கூடுதலாகத் தரும்" என்று எழுதியிருந்தீர்கள். பௌதிகம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.*
— கிளமெண்டி வாசகர்

ஐயா, தப்பு என்னுடையது. கொதிகலன்களோடு வாழ்ந்தவனுக்குச் சூடு என்றாலே சக்தி என்று தோன்றிவிடுகிறது. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.4 அளவில் திறன் குறையும் என்பது சாதாரணத் தகடுகளின் கணக்கு. நம் ஊர்க் கூரையில் நண்பகலில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் நூற்றில் பதினான்கு போய்விடும். தண்ணீர்மேல் மிதக்கிற தகட்டுக்கு அடியில் குளிர்ச்சி கிடைப்பதால் அது கூரைத் தகட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தருகிறது. அடுத்தமுறை எழுதுவதற்கு முன் உங்களிடம் காட்டிவிடுகிறேன்.

*அண்ணே, நான் நாகர்கோவில்காரன், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. எங்க ஆரல்வாய்மொழி பக்கம் எங்கே பார்த்தாலும் காற்றாடிதான். இவ்வளவு பணக்கார ஊர்ல ஒண்ணுகூட சுத்தலையே, ஏன்?*
— துவாஸ் வாசகர்

தம்பி, உங்கள் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து முப்பந்தலுக்கு ஓர் ஆடி மாசத்தில் வந்திருக்கிறேன். பேருந்தைவிட்டு இறங்கியதும் வேட்டியைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொன்னவன் அந்தக் கணவாயில் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மேற்கு மலைக்கு நடுவே இடுக்கு கிடைத்ததும் தென்மேற்குப் பருவக்காற்று அத்தனையும் அதன் வழியே பிதுங்கி வருகிறது.

இங்கே காற்றின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். தெக்காவில் வாசலில் போட்ட கோலமாவுகூட அசையாது. பெரிய காற்றாலைகளுக்கு 4.5 மீட்டராவது வேண்டும். அதோடு இதில் ஒரு கொடுமையான கணக்கும் உண்டு: காற்று தரும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். உங்கள் ஊரில் 8 மீட்டர் வேகத்தில் அடித்தால் அது எங்கள் காற்றைப்போல் நான்கு மடங்கு வேகம். சக்தியோ நான்கு மடங்கல்ல. நான்கை மூன்றுமுறை பெருக்குங்கள், அறுபத்து நான்கு. பணத்தைக் கொட்டி இந்த அறுபத்து நான்கை வாங்க முடியாது. விடியற்காலையில் சில நாள் சுமத்திராக் காற்று வந்து துணிமணியை எல்லாம் வாரிக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு மணி நேரக் கோபத்தை நம்பி எவன் காற்றாலை போடுவான்?

கடல் இருக்கிறதே என்பீர்கள். ஏற்ற இறக்கத்துக்கு இடையே சுமார் 1.7 மீட்டர்தான் வித்தியாசம். வியாபாரத்துக்குக் கட்டுப்படியாக நாலு மீட்டராவது வேண்டும். போதாக்குறைக்குக் கடல் முழுக்க உங்கள் பட்டறைக்கு வரும் கப்பல்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆடி முடிந்து ஐப்பசி வந்தால் உங்கள் ஊர்க் காற்றாடிகளிலும் பாதி சும்மா நிற்கும். எனக்கு மணிக் கணக்கு என்றால் உங்களுக்கு மாதக் கணக்கு. அதனால்தான் நெய்வேலியில் இன்னும் பழுப்பு நிலக்கரி எரிகிறது.

*இயற்கை எரிவாயு சுத்தமான எரிபொருள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் அதற்குக் கரிம வரி போடுகிறார்கள். சுத்தமானதற்கு எதற்கு அபராதம்? என் பென்ஷனில் கைவைக்கத்தானா?*
— பிடோக் வாசகர், 71 வயது

எனக்கும் உங்கள் வயதுதான் ஐயா, கோபம் புரிகிறது. "சுத்தம்" என்ற சொல்லில்தான் வம்பு. நிலக்கரியோடு ஒப்பிட்டால் சுத்தம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்பு எண்ணெய் எரித்தோம். வீட்டுக்குப் போனால் சட்டைக் கழுத்தில் அது தெரியும். என் மனைவி என் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பாள். 1992இல் மலேசியாவிலிருந்து குழாயில் எரிவாயு செனோக்கோ மின்நிலையத்துக்கு வரத் தொடங்கியது. 2001இல் இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்தும் வந்தது. சட்டை வெளுத்தது. இயந்திரமும் மாறியது. எரிவாயு முதலில் ஒரு சுழலியை ஓட்டும். அதன் புகைச்சூட்டை வீணாக்காமல் நீராவி ஆக்கி இன்னொரு சுழலியை ஓட்டுவார்கள். ஒரே விறகில் சோறும் குழம்பும் மாதிரி. இன்று நம் மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு எரிவாயுவிலிருந்துதான் வருகிறது.

ஆனால் சட்டையில் தெரியாதது ஒன்று உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 400 கிராம் கரியமில வாயு. நிலக்கரி என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்காகப் பாதி என்பது பூஜ்யம் ஆகிவிடாது. வழியில் கசிந்தாலோ இன்னும் மோசம். எரிக்காத எரிவாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

கரிம வரி 2019இல் வெளிவிடும் கரியமில வாயு டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் 25. 2026இல் 45. உங்கள் பில்லுக்கு அதை இறக்கிப் பார்க்கலாம். 400 கிராமுக்கு, 25 வெள்ளிக் கணக்கில் ஒரு காசு. 45 வெள்ளிக் கணக்கில் ஒன்றே முக்கால் காசுக்குச் சற்றுமேல். மாதம் 400 யூனிட் செலவழிக்கும் வீட்டில், முழுவதையும் நம் தலையில் கட்டினால் நாலு வெள்ளி, பிறகு ஏழு வெள்ளிச் சில்லறை. கோப்பிக் கடையில் இரண்டு பேர் காலைச் சாப்பாடு.

உங்கள் பென்ஷனை நிஜமாகக் கடித்தது வேறொன்று. 2021 கடைசியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை தலைகால் தெரியாமல் ஏறியது நினைவிருக்கிறதா? வருஷக்கணக்கில் ஒரே விலை என்று என்னிடம் ஒப்பந்தம் போட்ட மின்விற்பனை நிறுவனம் ஒரு மின்னஞ்சலோடு கடையைக் கட்டியது. மின்நிலையத்தில் ஆயுசைக் கழித்தவன் நான், எனக்கே நாமம்! வெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. தகடு வாங்கும்போது மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு சூரியன் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. எரிவாயு நிலையம் கட்ட ஆகும் செலவைவிட, அது உயிரோடு இருக்கும்வரை தின்கிற எரிபொருளின் செலவுதான் பெரிது. அந்த விலையை நிர்ணயிப்பதும் நாம் இல்லை.

*கூப்பிட்டால் எரிவாயு வரும் என்று முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். எப்போதும் வருமா?*
— அங் மோ கியோ வாசகி

2004 ஜூன் 29 இரவு வரவில்லை. எனக்கு அன்று ஓய்வு நாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், எதிர் புளோக் அப்படியே அணைந்தது. அடுத்து எங்கள் புளோக். நத்துனாவிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. தீவில் பல பகுதிகள் இருட்டில் கிடந்தன. புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் சனங்கள் கூடி, விசிறிக்கொண்டு, கிட்டத்தட்ட திருவிழா மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்தது. அந்த நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையில் என் சகாக்கள் எரிவாயுவை விட்டு டீசலுக்குத் தாவ என்ன பாடுபடுவார்கள் என்று தெரியும்.

குழாய் ஒன்றையே நம்பக்கூடாது என்பதற்காகத்தான் 2013இல் ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் வந்தது. எரிவாயுவைச் சைபருக்குக் கீழே 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்; கப்பலில் ஏற்றி எங்கிருந்தும் கொண்டுவரலாம். இப்போது வாயு நம்மைக் கைவிட வேண்டுமென்றால் குழாயும் கப்பலும் சேர்ந்து கைவிட வேண்டும்.

*மின்கலத்தில் பகல் வெயிலைச் சேமித்து இரவில் எடுத்துக்கொண்டால் எரிவாயுவே வேண்டாமே?*
— செங்காங் வாசகி

ஜூரோங் தீவில் 2023 தொடக்கத்தில் திறந்த மின்கலத் தொகுதி 285 மெகாவாட் மணி கொள்ளும். தீவு முழுவதையும் அது ஒன்றே தாங்க வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று நிமிடம்கூட இல்லை. கேலி செய்யவில்லை. அது இரவுக்காகக் கட்டியதே அல்ல. ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தால் தகடுகளின் வரத்து சட்டென்று விழும். அடுத்த இயந்திரம் எழுந்து வரும்வரை முட்டுக்கொடுக்க அது போதும். அந்த வேலையை அது கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறது; எங்கள் பழைய கொதிகலன் சூடேற மணிக்கணக்காகும்.

இரவுக்கு அண்டை வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வரத் தொடங்கியது. 2035க்குள் இப்படி வெளியிலிருந்து சுமார் 6,000 மெகாவாட் வாங்குவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம். சொந்தக் கூரையில் 2030க்குள் குறைந்தது 2,000 மெகாவாட் என்று முதலில் வைத்த இலக்கே மொத்தத் தேவையில் நூற்றுக்கு மூன்று அளவில்தான் வரும். அதனால் வாங்காமல் வேறு வழி இல்லை. ஆனால் நத்துனா இரவைப் பார்த்தவனுக்கு அடுத்த நாட்டுக் கம்பி என்றால் கொஞ்சம் உதறும்.

*யுரேனியம் புதுப்பிக்கத்தக்கதா?*
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

இல்லை. அதுவும் தொட்டிதான், தோண்டி எடுப்பது. ஆனால் கூடங்குளத்தில் புகைபோக்கியில் கரியமில வாயு வராது. புதுப்பிக்கத்தக்கது வேறு, கரிமம் குறைந்தது வேறு. ஈசூன் அம்மாவின் பையன் இதையும் சேர்த்து எழுதினால் ஆசிரியர் ஒரு மதிப்பெண் கூடப் போடுவார்.

*என் தாத்தா செயின்ட் ஜேம்ஸில் நிலக்கரி அள்ளினார் என்று அப்பா சொல்வார். அது மின்நிலையமா? கேளிக்கை விடுதி என்றல்லவா என் பிள்ளைகள் சொல்கிறார்கள்?*
— தெலுக் பிளாங்கா வாசகி

இரண்டும்தான் அம்மா. 1927இல் திறந்த நிலக்கரி மின்நிலையம் அது. துறைமுகத்தை ஒட்டிக் கட்டியதால் கரியைக் கப்பலிலிருந்து இறக்குவது எளிது. உங்கள் தாத்தா காலத்தில் ஊர் விளக்கெல்லாம் அவர்கள் முதுகில் எரிந்தது. 2006இல் இரவு விடுதி ஆனது. 2009இலிருந்து தேசிய நினைவுச்சின்னம். 2022இல் டைசன் நிறுவனம் தன் உலகத் தலைமையகத்தை அங்கே திறந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது சற்று நின்று பார்த்தேன். சிவப்புச் செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது. புகைபோக்கிகளில் புகை இல்லை. உள்ளே மின்விசிறியும் தூசி உறிஞ்சியும் செய்கிற கம்பெனியின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மின்சாரம் கொடுத்த கட்டடம், இப்போது மின்சாரம் வாங்குகிறது. உங்கள் தாத்தாவின் படம் வீட்டில் இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த இதழில் போடச் சொல்லி ஆசிரியரிடம் நான் சண்டை போடுகிறேன்.